வீட்டிலேயே கிளாஸ் ஏ பவர் ஆம்ப்: எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: எல்எம்3886 என்ற ஆம்ப் சிப்பை வைத்து ஒரு ஆம்ப் கட்டி முடித்தாயிற்று, சால்டரிங் கைக்குப் பழகிவிட்டது. அடுத்து சேனலுக்கு 50 வாட் தரும் கிளாஸ் ஏ பவர் ஆம்ப் (டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அணையாமல் எப்போதும் கரண்ட் விட்டுக்கொண்டே இருக்கும் வகை) கட்ட ஆசை. எந்த சர்க்யூட்டை எடுப்பது, எந்த டிரான்சிஸ்டர் நன்றாக ஒலிக்கும்?

சர்க்யூட்டும் டிரான்சிஸ்டரும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை. கிளாஸ் ஏ ஆம்பில் போர்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும், அதை ஒரு மாலையில் சால்டர் செய்துவிடலாம். மற்றதெல்லாம் ஹீட்சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர், அலுமினியத் தகடு. உழைப்பும் செலவும் எடையும் அங்கேதான் போகின்றன. அதனால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எவ்வளவு சூட்டை உங்களால் வெளியேற்ற முடியும் என்பதை. அதற்கு விடை கிடைத்தால் எத்தனை வாட் என்பது தானாக வந்துவிடும்.

50 வாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வேண்டுமென்றால் அலையின் உச்சியில் சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர் தேவை. புஷ்-புல் அமைப்பில் இரண்டு பக்க டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து வேலை செய்வதால் சும்மா இருக்கும்போது ஓட வேண்டிய கரண்ட் உச்சக் கரண்ட்டில் பாதி, அதாவது 1.75 ஆம்பியர். டிரான்சிஸ்டர்களுக்குக் கொஞ்சம் வோல்டேஜ் மிச்சம் வைத்தால் சப்ளை ±32 வோல்ட் ஆகிறது. 64 வோல்ட்டை 1.75 ஆம்பியரால் பெருக்கினால் 112 வாட். ஸ்டீரியோவுக்கு 225 வாட் வெப்பம், ஆம்ப் ஆனில் இருக்கும் ஒவ்வொரு நொடியும். ஒரு பக்க டிரான்சிஸ்டர் மட்டும் அலையை ஓட்டும் சிங்கிள்-எண்டட் முறை என்றால் கரண்ட் முழு உச்ச அளவுக்கே ஓட வேண்டும், ஆகவே வெப்பமும் இரட்டிப்பு. நல்ல சூழலில் கணக்கிட்டாலும் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் (மாறாத கரண்ட் தரும் பகுதி) போட்ட சிங்கிள்-எண்டட் ஆம்பின் அதிகபட்சத் திறன் 25 சதவீதம், புஷ்-புல் கிளாஸ் ஏ-யில் 50 சதவீதம். அதுவும் முழு வால்யூமில் சைன் அலை ஓடும்போது மட்டும். பாட்டு கேட்கும்போது இது சில சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்று: கிளாஸ் ஏ ஆம்பின் டிரான்சிஸ்டர்கள் அதிகம் சூடாவது பாட்டு ஓடாதபோதுதான். சப்ளையிலிருந்து எடுப்பது எப்போதும் ஒரே அளவு. பாட்டு ஓடும்போது அதில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது, ஓடாதபோது முழுவதும் ஹீட்சிங்க்கில் இறங்குகிறது. எனவே மெதுவாகக் கேட்பேன், சூடாகாது என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சரி, 50 வாட் உண்மையில் வேண்டுமா? 50-லிருந்து 25-க்கு இறங்கினால் இழப்பது 3 டெசிபல். 25-லிருந்து 10-க்கு இறங்கினால் இன்னொரு 4. ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 25 வாட்டில் 102 டெசிபல் தரும். சாதாரண அறையில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவருக்குச் சராசரியாக ஒரு வாட் கூடப் போகாது. மீதியெல்லாம் டிரம் அடி போன்ற திடீர் உச்சங்களுக்குத்தான். 25 வாட்டுக்கு அதே கணக்கைப் போடுங்கள்: உச்சம் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். ஓய்வுக் கரண்ட் 1.25 ஆம்பியர், சப்ளை ±24 வோல்ட், சேனலுக்கு 60 வாட் வெப்பம். 120 வாட்டை விசிறி இல்லாமல் ஒரு பெட்டியிலிருந்து வெளியேற்றலாம். 225 வாட்டையும் வெளியேற்றலாம்தான், ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முதல் கிளாஸ் ஏ ஆம்புக்கு 10 முதல் 25 வாட் என்பதே என் பரிந்துரை.

ஸ்பீக்கரின் ஓம் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் பல ஸ்பீக்கர்கள் சில அலைவரிசைகளில் 4 ஓம் வரை இறங்கும். 1.25 ஆம்பியர் பயாஸ் (ஓய்வுக் கரண்ட்) உள்ள புஷ்-புல் ஆம்ப் 2.5 ஆம்பியர் உச்சம் வரைதான் கிளாஸ் ஏ. 4 ஓமில் அது 12 வாட் சொச்சம். அதற்கு மேல் ஒரு பக்கம் அணைந்து, இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்யும் ஏபி முறைக்கு மாறிவிடும், பாட்டு நிற்காது. சிங்கிள்-எண்டட் ஆம்பில் இந்தச் சலுகை இல்லை. கரண்ட் தீர்ந்தால் அலை அங்கேயே வெட்டுப்படும்.

இனி சர்க்யூட். 10 வாட் போதும் என்றால் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட டிசைன்தான் நான் சொல்வது. சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர். 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர், ஆக 32 வாட் வெப்பம். அரை நூற்றாண்டு தாண்டியும் ஆட்கள் இதைக் கட்டிக்கொண்டே இருக்கக் காரணம் அதன் சிக்கனம். டிரைவர் டிரான்சிஸ்டரின் கலெக்டர் மேல்பக்க அவுட்புட் டிரான்சிஸ்டரை ஓட்டுகிறது, எமிட்டர் கீழ்ப்பக்க டிரான்சிஸ்டரை ஓட்டுகிறது. ஒன்று ஏற மற்றது இறங்க, இரண்டுமே ஒரே என்பிஎன் வகையாக இருந்தும் புஷ்-புல் ஆகிவிடுகிறது. ஒற்றை சப்ளை என்பதால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கெபாசிட்டர் வரும். 2200 மைக்ரோஃபாரட் போட்டால் 8 ஓமில் 9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒலிப்பாதையில் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் டிசி ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது அதுதான், முதன்முறை கட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. ஒரு குறை உண்டு: ஓய்வுக் கரண்ட் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கெயினை (கரண்ட்டைப் பெருக்கும் அளவை) சார்ந்தது, அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சூடாக ஆக நகரவும் செய்யும்.

அன்று லின்ஸ்லி ஹூட் போட்ட எம்ஜே480 டிரான்சிஸ்டர் இன்று கிடைப்பது அரிது, எம்ஜே15003 போட்டால் வேலை செய்யும். பழைய 2என்3055 டிரான்சிஸ்டர்தான் அசல் ஒலி தரும் என்று தேடி அலைய வேண்டாம். இன்று அந்தப் பெயரில் வருவது அன்றைய 2என்3055 போலச் செய்யப்பட்டதும் அல்ல.

25 வாட்டுக்கு, அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸின் ஃபர்ஸ்ட் வாட் எஃப்5. அதன் சர்க்யூட்டை அவரே வீட்டில் கட்டுபவர்களுக்காக வெளியிட்டிருக்கிறார். முன்னால் ஒரு ஜோடி ஜேஃபெட், பின்னால் ஐஆர்எஃப்பி240, ஐஆர்எஃப்பி9240 மாஸ்ஃபெட் ஜோடி, அவ்வளவுதான். மேலே போட்ட 25 வாட் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். இதில் போட்ட தோஷிபா ஜேஃபெட்டுகள் 2எஸ்கே170, 2எஸ்ஜே74 தயாரிப்பு நின்றுவிட்டது. லீனியர் சிஸ்டம்ஸ் தரும் எல்எஸ்கே170, எல்எஸ்ஜே74 அந்த இடத்தில் பொருந்தும். பாஸ் 1994-இல் வெளியிட்ட ஜென் ஆம்பும் அழகானது, கெயினுக்கு ஒரே ஒரு மாஸ்ஃபெட். ஆனால் அது சிங்கிள்-எண்டட், சூட்டைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

எது நன்றாக ஒலிக்கும் என்று கேட்டீர்கள். ஒழுங்காக டிசைன் செய்த ஏபி ஆம்பின் டிஸ்டார்ஷனே காதுக்கு எட்டாத அளவுதான். கிளாஸ் ஏ-யில் டிரான்சிஸ்டர் ஒருபோதும் அணைவதில்லை, அதனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடத்தில் வரும் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்ற பிரச்சினையே எழுவதில்லை. நான்கு டிரான்சிஸ்டரை வைத்து நல்ல ஆம்ப் கட்ட முடிவதற்குக் காரணம் இதுதான். என்னைப் பொறுத்தவரை வீட்டில் கட்டுபவருக்கு கிளாஸ் ஏ-யின் உண்மையான கவர்ச்சி அந்த எளிமை. வெள்ளி வயர், தங்கமுலாம் பூசிய ஃப்யூஸ் வகையறாவுக்கு வைத்திருக்கும் பணத்தை ஹீட்சிங்க்கில் போடுங்கள்.

ஹீட்சிங்க்குக்கு வருவோம். அறை வெப்பம் 35 டிகிரி, ஹீட்சிங்க் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் 25 டிகிரி ஏற்றம்தான் அனுமதி. சேனலுக்கு 60 வாட் என்றால் வாட்டுக்கு 0.4 டிகிரி மட்டுமே ஏறும் ஹீட்சிங்க் வேண்டும், ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக. விற்பவர் தரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 70, 80 டிகிரி ஏற்றத்தில் அளந்தது. ஏற்றம் குறைவாக இருந்தால் காற்றோட்டமும் மெதுவாகும், அதே ஹீட்சிங்க் எழுதியிருப்பதைவிடச் சுமாராகத்தான் வேலை செய்யும். ஆகவே 0.3 என்று எழுதியதைத் தேடுங்கள். துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழிருந்து காற்று ஏறத் தடை இருக்கக் கூடாது.

டிரான்சிஸ்டருக்குள்ளே என்ன ஆகிறது? எஃப்5-இல் ஒரு மாஸ்ஃபெட்டுக்கு 30 வாட். ஐஆர்எஃப்பி240-க்கு உள்ளிருந்து முதுகு வரை வாட்டுக்கு 0.83 டிகிரி, மின்சாரத்தைத் தடுக்கும் மைகாத் தகடும் வெப்பம் கடத்தும் கிரீஸும் சேர்ந்து சுமார் 0.5. முப்பதால் பெருக்கினால் 40 டிகிரி. ஹீட்சிங்க் 60-இல் இருந்தால் உள்ளே 100. உச்சவரம்பு 150 என்பதால் இது போதும். ஹீட்சிங்க் மேல் விரலை நாலைந்து நொடி வைத்திருக்க முடிகிறதா? அப்படியானால் 50, 55 டிகிரி பக்கம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

டிரான்சிஸ்டரைப் பொருத்தும் இடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. ஹீட்சிங்க்கில் துளையிட்டதும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு பிசிறு நிற்கும். ஸ்க்ரூவை முடுக்கும்போது அது மைகாவைக் குத்திக் கிழித்துவிடும். துளையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு திருப்பு திருப்பி எடுங்கள், நகத்தை விளிம்பின் மேல் இழுத்துப் பாருங்கள், மாட்டக் கூடாது. அப்புறம் நெருக்கமான உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து, அந்தப் பரப்பைத் தேய்த்துச் சமன் செய்யலாம். கிரீஸ் மைகாவின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் போதும். முடுக்கியபின் ஓரத்தில் லேசாகப் பிதுங்குவது சரி, வழிந்தால் அதிகம். எம்ஜே15003 போன்ற பழைய இரும்புத்தொப்பி வகைக்கு ஸ்க்ரூவையும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) போட்டுப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் உடல் முழுவதும் கலெக்டர். ஐஆர்எஃப்பி240-இன் துளை ஏற்கெனவே பிளாஸ்டிக்கால் பிரிக்கப்பட்டது, அதற்கு மைகா மட்டும் போதும். பொருத்தியவுடன், வயர் எதையும் இணைக்கும் முன், மல்டிமீட்டரை வைத்து டிரான்சிஸ்டரின் உலோகத்துக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே பாருங்கள். ஓம் அளவு ஏதாவது காட்டினால் இரண்டும் தொடுகின்றன, கழற்றி மறுபடி பொருத்த வேண்டியதுதான்.

சப்ளை விஷயத்தில் ஏபி ஆம்ப் அனுபவம் உங்களைத் தவறாக வழிநடத்தும். அங்கே சராசரிக் கரண்ட் குறைவு, டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாக வைத்துச் சமாளிக்கலாம். இங்கே இரண்டு சேனலும் சேர்ந்து மணிக்கணக்காக 2.5 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ரெக்டிஃபையர் கெபாசிட்டரை நிரப்புவது விட்டுவிட்டு வரும் துடிப்புகளாக என்பதால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஓடும் கரண்ட் அதைவிடப் பாதிக்கு மேல் கூடுதல். 120 வாட் வெப்பம் விடும் ஸ்டீரியோ ஆம்புக்கு 18-0-18 வோல்ட், 300 விஏ குறைந்தபட்சம், 400 இருந்தால் நிம்மதி. 18 வோல்ட் ஏசி டிசியாக மாறி டையோடு இழப்பு போக சுமார் 24 வரும்.

கெபாசிட்டருக்கு, ஒரு பக்கத்துக்கு 30,000 மைக்ரோஃபாரட், பிறகு 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர், அதன் பின் இன்னொரு 30,000. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முதல் கெபாசிட்டரில் 0.7 வோல்ட் போல ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இருக்கும். ரெசிஸ்டரைத் தாண்டியபின் அதில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதற்கு விலை அரை வோல்ட் இழப்பும் ஒன்றரை வாட் சூடும், கொடுக்கலாம். மொத்த கெபாசிட்டரையும் ஒரே இடத்தில் குவிப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடைசி கெபாசிட்டருக்குக் குறுக்கே 2.2 கிலோ ஓம் ஒன்று போட்டுவிடுங்கள், ஆஃப் செய்தபின் சார்ஜ் இறங்க உதவும்.

டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மரை மாட்டும்போது ஒன்று. நடுவே போகும் போல்ட்டின் கீழ் முனை பெட்டியின் அடித்தகட்டைத் தொடும், அது சரி. மேல் முனை மூடியையோ வேறு தகட்டையோ தொட்டால் போல்ட், தகடு எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று ஷார்ட் வைண்டிங் ஆகிவிடும். ஃப்யூஸ் போகும் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மூடிக்கும் போல்ட்டுக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள். ஆன் செய்யும் நொடியில் பெரிய கரண்ட் பாயும் என்பதால் பிரைமரியில் என்டிசி தெர்மிஸ்டர் (சூடாக ஆக ஓம் குறையும் ரெசிஸ்டர்) ஒன்றும் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸும் வேண்டும். மின் இணைப்பின் எர்த் வயர் பெட்டியில் தனி போல்ட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஹம் (உறுமல் சத்தம்) வருகிறது என்று அதைக் கழற்றச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தாலும் கேட்காதீர்கள்.

முதன்முறை ஆன் செய்யும்போது பிரைமரிக்குத் தொடரில் 100 வாட் பழைய இழை பல்பு ஒன்று. ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், டிரான்சிஸ்டர்கள் பிழைக்கும். ஆனால் பயாஸை ஏற்ற ஏற்ற பல்பு மேலும் மேலும் ஒளிரும், சப்ளை வோல்டேஜ் விழும். அது கோளாறு அல்ல, ஆம்ப் அவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று அர்த்தம். பல்பைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டிசி எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் கழற்றிவிட்டு பயாஸ் வையுங்கள்.

எஃப்5-இல் பயாஸ் வைக்கும் இரண்டு டிரிம்பாட்டும் (திருப்பினால் ஓம் மாறும் ரெசிஸ்டர்) சுழி ஓமில் இருக்கிறதா என்று பவர் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். பல டிரிம்பாட்டுகளில் எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது பார்த்தால் தெரியாது. ஒரு மீட்டர் 0.47 ஓம் சோர்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே, இன்னொன்று அவுட்புட்டில். டிரிம்பாட்டுகளை மாற்றி மாற்றி கால் திருப்பாக ஏற்றுங்கள், அவுட்புட் டிசி சுழிக்கு அருகிலேயே இருக்கும்படி. ரெசிஸ்டரில் 0.2 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் விடுங்கள். இந்த மாஸ்ஃபெட்டுகள் சூடாக ஆக அதே கேட் வோல்டேஜுக்கு அதிகக் கரண்ட் விடும், எண் தானாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். மறுபடி கொஞ்சம் ஏற்றி மறுபடி காத்திருங்கள். 0.59 வோல்ட் என்றால் 1.25 ஆம்பியர். ஹீட்சிங்க் முழுதாகச் சூடேற ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கு முன் வைத்த பயாஸ் நிலைக்காது. அவுட்புட் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் போதும். மூடியைப் போட்டபின் உள்ளே வெப்பம் இன்னும் ஏறும் என்பதால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அளக்க வசதியாக மூடியில் சின்னத் துளை விட்டுவைப்பவர்களும் உண்டு.

பயாஸ் சரியாக இருந்தும் சூடு கணக்குக்கு மேல் போனால் சந்தேகிக்க வேண்டியது ஆசிலேஷன். காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆம்ப் தானே பாடிக்கொண்டிருக்கும். கேட் ரெசிஸ்டர் போர்டின் மறுகோடியில் இருந்தால் பயனில்லை, மாஸ்ஃபெட்டின் காலை ஒட்டியே இருக்க வேண்டும். லின்ஸ்லி ஹூட் சர்க்யூட்டில் வேகமான புதிய டிரான்சிஸ்டர் போடுபவர்கள் அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் தொடராகச் சேர்ப்பது நல்லது. யாரிடமாவது ஆசிலாஸ்கோப் இருந்தால் ஒரு நாள் கடன் வாங்குங்கள், இதை மல்டிமீட்டர் காட்டாது.

ஹம் வந்தால் இன்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு கேபிளிலோ முன்னால் உள்ள கருவியிலோ. நிற்காவிட்டால் பெட்டிக்குள்தான். 100 ஹெர்ட்ஸில் உறுமினால் பெரும்பாலும் கிரவுண்டு வயரிங்: ரெக்டிஃபையரிலிருந்து கெபாசிட்டருக்கு வரும் வயரின் நடுவிலிருந்து சிக்னல் கிரவுண்டை எடுத்திருப்பீர்கள். கடைசிக் கெபாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கு அப்பால் ஒரு இடத்தை வைத்து எல்லாக் கிரவுண்டும் அங்கே சேரட்டும். 50 ஹெர்ட்ஸில் முனகினால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இன்புட் வயருக்கும் உள்ள தூரத்தைக் கூட்டுங்கள், டொராய்டலைக் கொஞ்சம் திருப்பி வைத்தும் பாருங்கள்.

பாகங்கள் வாங்கும்போது, பிரபலமான பவர் டிரான்சிஸ்டர்களில் போலி ஏராளம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் பெயர் தெரியாத இடத்தில் வாங்காமல் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். மாஸ்ஃபெட்டைக் கூடுதலாக நாலைந்து வாங்கி, கேட்டை டிரெயினோடு சேர்த்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரே கரண்ட் விட்டு கேட் வோல்டேஜை அளந்து, நெருங்கியவற்றை இரண்டு சேனலுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

எஃப்5 அவுட்புட்டில் கெபாசிட்டர் இல்லை. ஆகவே டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே போர்டு ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். முதல் சில நாள் ஓட்டத்துக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய ஸ்பீக்கர் ஜோடியை இணைத்து, தினமும் சூடான பின் பயாஸையும் டிசியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் நகராமல் நின்ற பிறகு நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம்.